வீட்டுக்கே எஸ்பிரெசோ மெஷின்: அந்த 1,15,000 ரூபாய் எந்த கப்பில் திரும்ப வரும்?

எஸ்பிரெசோன்னு சொன்னா எங்க பக்கம் இன்னைக்கும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது கல்யாண மண்டப வாசல்ல புஸ்ஸுன்னு நீராவி விடுற அந்த ஸ்டீல் மெஷின்தான். இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, பால், நீராவியில கிளம்புற நுரை, மேல ஒரு சிட்டிகை சாக்லேட் பவுடர். ரிசப்ஷனுக்கு வந்த பாதி பேர் மொய் எழுதறதுக்கு முன்னாடியே அங்க வரிசையில நிப்பாங்க. நானும்தான். ஆனா அதுல எஸ்பிரெசோங்கிறது பேர் மட்டும். நிஜ எஸ்பிரெசோ வேற சமாச்சாரம். அதுக்கு ஆகுற செலவும் வேற சமாச்சாரம். இன்னைக்கு பேசப்போறது அந்தச் செலவைப் பத்தி.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி என் சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். நாங்க இருக்கிறது கலவையில. அவன் தினமும் பைக்ல ஆற்காடு வழியா ராணிப்பேட்டைக்குப் போய் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில வேலை பார்க்கிறான். கையில ஆற்காடு மக்கன் பேடா பொட்டலம். அதை நீட்டினப்பவே ஏதோ கேட்கப்போறான்னு தெரிஞ்சிடுச்சு.

"அண்ணா, ஒரு காபி செட்டப் பார்த்து வச்சிருக்கேன். நோ காஸ்ட் ஈஎம்ஐ. கணக்கு மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணா."

போன்ல லிஸ்ட் காட்டினான். மெஷின் 58,000. கிரைண்டர் 38,000. தராசு, டேம்பர், பால் ஜக்கு, காபிச் சக்கையைத் தட்டிக் கொட்டுற டப்பா, தூளைக் கிளறி விடுற ஊசி, எல்லாம் சேர்த்து 11,000. ஸ்டெபிலைசர், தண்ணி ஃபில்டர் சமாச்சாரம் 8,000. மொத்தம் 1,15,000 ரூபாய்.

அவன் சம்பளம் ஓவர்டைமோட 31,000. 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்கா நம்ம பொருட்கள் மேல 50 சதவீத வரி போட்டது ஞாபகம் இருக்கும். ராணிப்பேட்டையில இருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல், ஷூ வேலையை நம்பி இருக்கிற குடும்பங்கள்ல அந்தச் செய்தியைப் பேசாத வீடு இல்ல. இவன் கம்பெனியில ஆளைக் குறைக்கல, ஓவர்டைமை நிறுத்திட்டாங்க. கையில வர்றது 26,000 ஆயிடுச்சு. பைக் லோன் 3,400 தனி. இந்த நேரத்துல மாசம் 9,583 ரூபாய் ஈஎம்ஐ.

"திட்டாதீங்கண்ணா, இதுல மாசம் 7,500 மிச்சம் ஆகும்" என்றான். ஒரு வீடியோவுல பார்த்தானாம். கஃபேல ஒரு கப்புச்சினோ 250 ரூபாய், முப்பது நாளுக்கு 7,500, ஒன்றேகால் வருஷத்துல மெஷின் காசு வந்துடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க லாபம்.

கூட்டல் பெருக்கல்ல தப்பே இல்ல. தப்பு வேற இடத்துல இருக்கு. கலவையில 250 ரூபாய்க்கு கப்புச்சினோ விக்கிற கடை எது? அவன் தினமும் குடிக்கிறது சித்தி போடுற ஃபில்டர் காபி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நண்பர்களோட வேலூர் போய் ஒரு கஃபேல உட்காருவான், அங்க ஒரு கப் 200 ரூபாய். வாங்காத 26 கப்பை வாங்கினதா எழுதிக்கிட்டு, அதை மிச்சம் பிடிச்சேன்னு சொன்னா அது மிச்சம் ஆகாது.

அதனால அவன் நிஜமா குடிக்கிற காபியை வச்சு கணக்குப் போட்டோம்.

ஃபில்டர் காபி: எங்க கடையில 80:20 தூள் கிலோ 700 ரூபாய்னு வச்சுக்குங்க. ஒரு டம்ளருக்கு 10 கிராம், 7 ரூபாய். பால் 100 மில்லி, 5 ரூபாய். சர்க்கரை ஒரு ரூபாய். ஆக 13 ரூபாய். ஒரு நாளைக்கு ரெண்டு, மாசம் அறுபது டம்ளர், 780 ரூபாய்.

எஸ்பிரெசோ: நல்ல ரோஸ்டர்கிட்ட இருந்து கொட்டை 250 கிராம் 400 ரூபாய். ஒரு டபுள் ஷாட்டுக்கு 18 கிராம் போகும். 250-ஐ 18-ஆல வகுத்தா 14 ஷாட் வரணும். வராது. ஒவ்வொரு புது பாக்கெட்டுக்கும் அரைப்பு அளவைத் திரும்பப் பிடிக்கணும், முதல் ரெண்டு ஷாட் சிங்க்குக்குத்தான் போகும். 12 கப்தான் கணக்கு. ஒரு கப்புக்கு கொட்டை மட்டும் 33 ரூபாய், பால் 150 மில்லி ஏழரை ரூபாய். கிட்டத்தட்ட 41 ரூபாய். அறுபது கப்புக்கு 2,450 ரூபாய்.

இப்போ அவன் செலவு: ஃபில்டர் காபி 780, வேலூர் கஃபே நாலு கப் 800, மொத்தம் 1,580. மெஷின் வந்தா 2,450. மாசம் 870 ரூபாய் கூடுதல். ஈஎம்ஐ முடிஞ்ச பிறகும் கூடுதல். போட்ட 1,15,000 எப்போ திரும்ப வரும்னு கேட்டா, வரவே வராது. அதுவும் வேலூர் போறதையே நிறுத்தினாத்தான் இந்தக் கணக்கு. அவன் அங்க காபிக்காக மட்டும் போறதில்லைன்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கொட்டை விலை இதே மாதிரி நிக்கும்னும் நம்ப முடியாது. உலகச் சந்தையில அராபிகா 1977-ல தொட்ட உச்சத்தை 2024 டிசம்பர்ல தாண்டிச்சு, 2025 பிப்ரவரியில ஒரு பவுண்டு 4 டாலருக்கு மேல போச்சு. பிரேசில்ல மழை பொய்ச்சா கலவையில டம்ளர் விலை ஏறுற காலம் இது.

அதே மெஷின் யாருக்கு லாபம்னும் சொல்லிடறேன், இல்லன்னா ஒருதலைப்பட்சமாயிடும். பெங்களூர்லயோ சென்னையிலயோ ஒரு தம்பதி, வேலை நாள் இருபதுலயும் ஆளுக்கு ஒரு கப் 220 ரூபாய்க்கு ஆப்ல வரவழைக்கிறாங்க. மாசம் 8,800. வீட்டுல போட்டா 40 கப்புக்கு 1,640. மிச்சம் 7,160, பதினாறு மாசத்துல போட்ட காசு வந்துடும். பாதி நாள் மட்டும் வீட்டுல போட்டு, பாதி நாள் பழைய மாதிரி வரவழைச்சா 32 மாசம். உங்க போன மூணு மாச கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து காபிக்கு நிஜமா எவ்வளவு போயிருக்குன்னு கூட்டிப் பாருங்க. அந்த எண் இல்லாம இந்தக் கணக்கைத் தொடவே தொடாதீங்க.

அந்த 'நோ காஸ்ட்' பத்தி ஒரு வார்த்தை

நம்ம சேனல்ல பல தடவை சொன்னதுதான். வட்டி இல்லாம இல்ல, வட்டி அளவுக்கு விலையில முன்கூட்டியே தள்ளுபடி காட்டுறாங்க, பேங்க் தன் வட்டியை வாங்கிக்குது. வட்டி 16 சதவீதம்னு வச்சா இவன் பன்னிரண்டு மாசத்துக்கு உள்ளே மறைஞ்சிருக்கிற வட்டி சுமார் 9,380 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 1,690. அதை கட்டறது நாமதான். பிராசஸிங் ஃபீ 199-ம் அதுக்கு ஜிஎஸ்டியும் தனி. கிட்டத்தட்ட 1,900 ரூபாய் 'நோ காஸ்ட்டு'க்கு காஸ்ட். மொத்தமா காசு கொடுத்தா கடைக்காரர் குறைச்சிருப்பாரே, அந்தத் தள்ளுபடியும் போச்சு.

சரி, மெஷினா கிரைண்டரா?

இங்கதான் நான் கொஞ்சம் அதிகமா பேசுவேன், மன்னிக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இந்தக் குழியில விழுந்தவன்தான்.

எஸ்பிரெசோங்கிறது ஒரு கொட்டை வகையோ வறுவலோ இல்ல. அழுத்தத்துல காபி இறக்குற முறை. 1901-ல மிலான்ல லூயிஜி பெஸ்ஸெரா நீராவி அழுத்தத்துல வேலை செய்யுற மெஷினுக்கு காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நாம பார்க்கிற அந்தத் தேன் நிற நுரை, கிரேமா, 1940-களின் கடைசியில அகில்லே கக்ஜியாவோட லீவர் மெஷினுக்குப் பிறகுதான் வந்தது. இப்போ பொதுவா சொல்லுற அளவு 9 பார். உங்க கார் டயர்ல இருக்கிறது ரெண்டேகால் பார் பக்கம். அதுபோல நாலு மடங்கு அழுத்தத்துல, 18 கிராம் தூள் வழியா, 25-30 விநாடியில 36 கிராம் காபி இறங்கணும். நம்ம பித்தளை ஃபில்டர்ல இதே வேலையை பூமியின் ஈர்ப்பு இருபது நிமிஷம் எடுத்துக்கிட்டு நிதானமா செய்யும்.

அந்த 25 விநாடியில தப்பை மறைக்க நேரம் கிடையாது. வயலுக்குத் தண்ணி பாய்ச்சினவங்களுக்கு சொல்லவே வேண்டாம், வரப்புல எங்க மண்ணு லேசா இருக்கோ அங்க உடைச்சுக்கிட்டுப் போகும். காபியிலயும் அப்படியே. தூள் ஒரே சீரா இல்லன்னா தண்ணி லேசான இடத்துல ஓட்டை போட்டு ஓடிடும். ஒரு பக்கம் கசப்பு, ஒரு பக்கம் புளிப்பு, ரெண்டும் ஒரே கப்புல. ஒரு லட்ச ரூபா மெஷினா இருந்தாலும் இதைச் சரி பண்ண முடியாது. கிரைண்டர்தான் பண்ணணும்.

அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்க எல்லாம் பட்ஜெட்ல கிரைண்டருக்கு முதல்ல காசு ஒதுக்கச் சொல்றாங்க. கைக் கிரைண்டர்லயும் வித்தியாசம் இருக்கு. டைம்மோர் சி2 மாதிரி ஆரம்ப மாடல் ஃபில்டருக்கும் மோக்கா பாட்டுக்கும் அருமை. ஆனா எஸ்பிரெசோவுக்கு அதோட ஒவ்வொரு கிளிக்கும் பெரிய தாவல். ஒரு கிளிக்ல காபி அடைச்சுக்கும், அடுத்த கிளிக்ல கொட்டிடும். கின்கிரைண்டர் கே6 மாதிரி நுணுக்கமா நகர்றதுதான் இதுக்கு வேணும்.

பெட்டி மேல '15 பார்'னு பெரிசா போட்டிருப்பாங்க, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப்போட உச்ச சக்தி. நமக்கு வேண்டியது 9 பக்கம்தான். இன்னொண்ணு, பத்தாயிரம் ரூபா பக்கம் வர்ற மெஷின்கள்ல பெரும்பாலும் அடியில ஒரே ஒரு பொடி ஓட்டை உள்ள இரட்டைச் சுவர் பாஸ்கெட் கொடுப்பாங்க. கடையில அரைச்ச தூளைப் போட்டாலும் நுரை வரும். அந்த நுரை ஓட்டையால வர்றது, காபியால இல்ல. ஆரம்பிக்கிறவங்களுக்கு அது தப்பில்ல. ஆனா அதை வச்சுக்கிட்டு 38,000 ரூபாய்க்கு கிரைண்டர் வாங்கினா காசு வீண். ஒற்றைச் சுவர் பாஸ்கெட் அந்த மெஷினுக்குக் கிடைக்குமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. டெலோங்கி டெடிகா 51 மில்லிமீட்டர், கக்ஜியா கிளாசிக் 58 மில்லிமீட்டர். இந்த அளவை வச்சுத்தான் டேம்பர், பாஸ்கெட் எல்லாமே வாங்கணும். மெஷின் மாத்தினா இதெல்லாம் மறுபடி வாங்கணும்.

ஒரு சிரிப்பு. இவ்வளவும் அம்மாகிட்ட விளக்கிட்டு இருந்தேன். "உங்க பாட்டி வீட்டுல திண்ணைப் பலகையில மாட்டி கையால சுத்துற காபி மெஷின் இருந்துச்சே, அன்னன்னைக்கு பீபெர்ரி வறுத்து அரைச்சுதானே போடுவாங்க" என்றார். புதுசா வறுத்து, குடிக்கிற நேரத்துக்கு அரைக்கிறது. இன்னைக்கு நாம பன்னிரண்டாயிரம் கொடுத்து அதைத்தான் திரும்ப வாங்கறோம்.

யாரும் சொல்லாத செலவு: தண்ணி

நம்ம சேனல்ல டிடிஎஸ்னா வரிப் பிடித்தம். இங்க டிடிஎஸ்னா தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு.

நான் வாங்கினது ஆரம்ப விலை மெஷின், கம்பெனி பேர் வேண்டாம். நாலாவது மாசம் தண்ணி சொட்டு சொட்டா வந்து நின்னுடுச்சு. சர்வீஸ் சென்டர் சென்னையில. பார்சல் கட்டி அனுப்பி, 2,800 ரூபாய் பில் வந்தது. உள்ளே குழாய் முழுக்க சுண்ணாம்பு. வாரன்டியில வராது, ஏன்னா தப்பு மெஷின் மேல இல்ல, நான் ஊத்தின போர் தண்ணி மேல. 250 ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வச்சுப் பார்த்தேன். 1,100 காட்டுச்சு.

இந்திய தரக் குறியீட்டின்படி குடிநீர்ல டிடிஎஸ் 500 வரை சரி, வேற தண்ணியே இல்லன்னா 2,000 வரை சகிச்சுக்கலாம். காபிக்கு ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் சொல்ற இலக்கு 150 பக்கம். நாம எங்க இருக்கோம்னு பார்த்துக்குங்க. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரங்களுக்கு தண்ணியைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டாம். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன பண்ணிச்சுங்கிற வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996-ல 'மாசுபடுத்தினவரே ஈடு கட்டணும்'னு தீர்ப்பு வந்தது. இன்னைக்கும் சட்டக் கல்லூரியில பாடம் அது. கலவை பாலாற்றங்கரையில இல்ல, ஆனாலும் எங்க போர் தண்ணி கடினம்தான். குக்கர் அடியில வெள்ளையா படியுதா? அதேதான் மெஷின் உள்ளேயும் படியும். குக்கரைத் தேய்க்கலாம், சூடாக்குற குழாய் உள்ளே கை போகாது.

ஆர்ஓ இருக்கேன்னு சொல்லுவீங்க. முழுக்க உப்பு எடுத்த தண்ணியில காபி சப்புன்னு இருக்கும், சில மெஷின்கள்ல தண்ணி அளவு காட்டுற சென்சாரே வேலை செய்யாது. ஆர்ஓ மெஷின்ல டிடிஎஸ் கூட்டிக் குறைக்கிற திருகு இருந்தா 100-150 பக்கம் வையுங்க. கேன் தண்ணி வாங்கினாலும் ஒரு தடவை மீட்டர் வச்சுப் பார்த்துட்டு ஊத்துங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, மெஷின் கையேட்டுல சொன்ன மாதிரி படிவு நீக்குங்க.

கரன்ட் பெரிய செலவு இல்ல. ஆனா ஏசி ஓடுற மாசத்துல ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டுக்குப் பக்கத்துல நிக்கிற வீடா இருந்தா கவனம், தாண்டினா ஸ்லாப்பே மாறும். எங்க தெருவுல சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது மெஷின் சூடாகவே மாட்டேங்குது, அது தனிக் கதை.

என்ன முடிவு பண்ணோம்

வாங்காதேன்னு நான் சொல்லல. காபி மேல ஆசை இருக்கிறது தப்பா என்ன? சிலர் மீன் தொட்டி வைக்கிறாங்க, சிலர் கேமரா லென்ஸ் வாங்கறாங்க. ஆனா அதுக்கு 'சேமிப்பு'ன்னு பேர் வைக்காத, 'பொழுதுபோக்கு'ன்னு எழுதுன்னேன். பேர் மாறினதும் கேள்வியும் மாறிடும். எத்தனை மாசத்துல திரும்ப வரும்னு கேட்க வேண்டாம். ஓவர்டைம் இல்லாத 26,000-ல இதுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்னு மட்டும் கேட்டாப் போதும்.

பைக் லோன், வீட்டுக்குக் கொடுக்கறது எல்லாம் போக மாசம் 3,000-னு வந்தது. அவசரத்துக்கு வச்சிருந்த பணம் அவன் கையில 18,000 தான். கம்பெனியில அடுத்து என்ன ஆகும்னு தெரியாதப்போ அதைத் தொடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். அவன் முகம் போன போக்கை நான் எழுத விரும்பல.

தீபாவளி போனஸ்ல 11,500 ரூபாய்க்கு எஸ்பிரெசோவுக்கும் தாங்குற ஒரு கைக் கிரைண்டர் வாங்கினான். 2,200-க்கு மூணு கப் மோக்கா பாட். 1933-ல இத்தாலியில பியாலெட்டி கொண்டுவந்த அதே அலுமினியச் சட்டி மாடல். ஒண்ணரை பார் அழுத்தம்தான் வரும், எஸ்பிரெசோ ஆகாது, ஆனா பால் ஊத்தினா வேலூர் கஃபே கப்புக்குப் பக்கத்துல வந்து நிக்கும். மாசம் 3,000 ரூபாய் ஆர்டி ஆரம்பிச்சான். ஆறு மாசம் கழிச்சும் தினமும் காலையில கை வலிக்க அரைச்சுக்கிட்டு இருந்தா, அப்போ மெஷின் பேச்சை எடுக்கலாம்னு பேச்சு.

கொட்டை விஷயத்துல ஒரு லாபம் கிடைச்சது. சிக்கரி கலக்காம கொட்டையாவே கொடுன்னு கேட்டா, வறுத்து விக்கிற கடைக்காரர் கிலோ கணக்குல கொடுப்பார், சின்ன பாக்கெட் விலையை விட நல்லாவே குறைவு. ஏற்காடு, கீழ்ப்பழனி மலைன்னு நம்ம மாநிலத்துக் கொட்டையைக் கேட்டு வாங்குங்க. வறுத்த தேதி கேளுங்க, ஒரு மாசத்துக்குள்ள தீருற அளவுக்கு மேல வாங்காதீங்க. ஊர் பேரே கலவை, சிக்கரி கலவை வேண்டாம்னு கடையில சொன்னா அவர் சிரிக்கிறார்.

இது எழுதும்போது ஆர்டி 15,000-ல நிக்குது. ஓவர்டைம் இன்னும் திரும்பல. கிரைண்டர் தினமும் சுத்துது, ஆனா சுத்தறது அவன் இல்ல, சித்தி. தன்னோட பித்தளை ஃபில்டருக்கு அவனோட ஏற்காட்டுக் கொட்டையை அரைச்சுக்கறாங்க. போன வாரம் போயிருந்தப்போ, "உன் தம்பி மெஷின் வாங்கினா இதை என்கிட்டயே விட்டுடச் சொல்லுப்பா" என்றார்.

அடுத்த வீடியோவுல பழைய மெஷின் வாங்கறப்போ என்னென்ன பார்க்கணும்னு காட்டறேன், தம்பியும் வர்றான். அதுக்குள்ள உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி டிடிஎஸ் எவ்வளவுன்னு ஊர் பேரோட எழுதி அனுப்புங்க. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாலாஜாக்காரங்க கண்டிப்பா.